ஸ்வீடனில் முதல் கோடை: ஊரே காலியாகும்போது பிள்ளைகளுக்கு என்ன வழி?

மணல்வீடு (ஸ்டாக்ஹோம்)

வணக்கம். போன இலையுதிர் காலத்தில் கோவையிலிருந்து இங்கே வந்தோம். இது எங்களுக்கு முதல் கோடை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. ஜூன் நடுவில் பள்ளியை மூடினால் ஆகஸ்ட் பிற்பாதியில்தான் திறக்கிறார்கள்.

லீவு நீளம் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஜூலையில் ஊரே காலியாகிவிடும் என்பது இப்போதுதான் காதுக்கு வந்தது. மகளின் தோழிகள் ஒவ்வொருத்தியும் காட்டுக்குள்ளோ தீவிலோ இருக்கும் தாத்தா பாட்டியின் கோடை வீட்டுக்குக் கிளம்புகிறாள். கீழ்வீட்டுக்காரர் இப்போதே படகைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். நாங்கள் மட்டும் அடுக்குமாடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறோம் போல.

இங்கே தங்குவதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பதால் இந்த வருடம் ஊருக்குப் போக முடியாது. ஜூலையில் மாமியார் வருகிறார், முட்டி வலி உள்ளவர். நாங்கள் சைவம். எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு, கையில் டேப்லெட்டைக் கொடுக்காமல், பெரிய செலவும் இல்லாமல் எப்படிப் பொழுதை ஓட்டுவது? 'கேளிக்கைப் பூங்காவுக்குப் போங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ஒரு நாளோடு முடிந்துவிடும்.

வடதிசை (ஸ்டாக்ஹோம்)

உங்கள் பதிவில் முக்கியமான வரி, நீச்சல் தெரியாது என்று போகிறபோக்கில் சொன்னதுதான். முதலில் அதைக் கவனியுங்கள். மற்ற பொழுதுபோக்கெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த நாட்டுக் கோடை பெரும்பாலும் தண்ணீர் ஓரத்தில்தான் நடக்கிறது. பிறந்தநாள் விழா ஏரிக்கரையில், வகுப்புச் சுற்றுலா ஏரிக்கரையில். யாராவது கோடை வீட்டுக்குக் கூப்பிட்டால் அங்கேயும் ஒரு படகுத்துறை இருக்கும். நீந்தத் தெரியாத பிள்ளையைத் தனியாகக் கூப்பிட எந்தப் பெற்றோருக்கும் தயக்கமாகத்தான் இருக்கும். 'நீந்தத் தெரியும்' என்பதற்கு இங்கே அளவே உண்டு. ஆழமான தண்ணீரில் விழுந்து, தலையை மேலே கொண்டுவந்து, 200 மீட்டர் நீந்த வேண்டும். அதில் 50 மீட்டர் மல்லாந்து. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளியே இதை எதிர்பார்க்கிறது. உங்கள் மகளுக்குப் பத்து வயது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நகராட்சிகளும் நீச்சல் சங்கங்களும் ஏரியிலும் திறந்தவெளிக் குளத்திலும் கோடை வகுப்பு நடத்தும். பதிவு வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும். இடம் இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பேரைப் போடுங்கள், கடைசி நேரத்தில் விலகுகிறவர்கள் உண்டு. தண்ணீர் குளிரும், அதை மறைக்க மாட்டேன். ஜூலையில் 20 பாகை வந்தாலே நல்ல நாள் என்பார்கள். முதல் நாள் பிள்ளை உதடு நீலமாகி அழுதுகொண்டே வெளியே வரும். பெரிய துண்டும் பிளாஸ்க்கில் சூடான பாலும் கொண்டு போங்கள்.

பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு, வெட்கப்பட வேண்டாம். நீங்கள் கற்றுக்கொள்ளும் வரை, ஆட்கள் நிறைய வரும் ஆழமில்லாத மணல் கரைக்கு மட்டும் போங்கள். பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போன் பைக்குள். காற்றடைத்த மெத்தையை நம்பாதீர்கள், கரையிலிருந்து வீசும் காற்று அதை ஏரி நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் பச்சை பெயின்ட் கலந்தது போல இருந்தால் அது பாசி, அன்று இறங்கவே வேண்டாம்.

உயிர்காப்புச் சட்டை வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். ஃப்ரிதீட்ஸ்பாங்கன் என்று தேடிப் பாருங்கள். 2013-இல் வார்ம்லாந்துப் பக்கம் டேயெ என்ற சின்ன ஊரில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்கக் கிளைகள் இருக்கின்றன. விளையாட்டுச் சாமான்களை 14 நாளுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். உறுப்பினர் கட்டணம் எதுவும் கிடையாது.

கணக்குப்பிள்ளை (லுண்ட்)

நீச்சல் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பது பத்து வாரம் புத்தகத்தையே தொடாமல் விட்டால் பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிடும். எங்கள் வீட்டில் கோடைதான் கணக்குக்கு நேரம். சென்னையில் இருக்கும் ஆசிரியரிடம் ஆன்லைன் வகுப்பு. கோடையில் அங்கே மூன்றரை மணி நேரம்தான் முன்னால் இருக்கிறார்கள், அதனால் நமக்குக் காலை பத்து மணி அவர்களுக்கு மதியம் ஒன்றரை, வசதி. தமிழ் எழுத்தும் அப்போதுதான். இங்கே நகராட்சி நடத்தும் தாய்மொழி வகுப்பும் கோடையில் கிடையாதே.

பெர்மிட் பிரச்சினை தீர்ந்ததும் அடுத்த வருடத்திலிருந்து ஊருக்குப் போங்கள். அத்தை மாமா பிள்ளைகளோடு விளையாடினால் தமிழும் வரும், உறவும் நிற்கும். ஏரியில் குதிப்பதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. அவர்களுக்குத் தாத்தா பாட்டி பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

பாதிஸ்வீடன் (உப்சாலா)

கணக்குப்பிள்ளை அங்கிள், நான் இங்கேயே வளர்ந்தவள், இப்போது பத்தொன்பது வயது. நீங்கள் சொன்ன கோடை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் லீவு ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்க. ஜூனில் பள்ளி திறந்துவிடும். நமக்கு லீவு தொடங்குவதே ஜூன் நடுவில். ஆக நான் மதுரையில் போய் இறங்கும்போது என் அத்தை பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக் காலையிலேயே வேனில் ஏறிவிடுவார்கள். மாலை வந்ததும் டியூஷன். பகல் முழுக்க நானும் பாட்டியும் டிவி சீரியலும். பாட்டியோடு இருந்தது பிடித்திருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. சீரியலால் தமிழும் வந்தது. ஆனால் 'கசின்ஸோடு விளையாட்டு' என்பது பெரியவர்கள் மனதில் இருக்கும் மே மாதம், எங்களுக்கு அது கிடைத்ததே இல்லை. ஊருக்குப் போவதென்றால் சனி ஞாயிறு எத்தனை வரும் என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். டிசம்பரும் யோசிக்கலாம், அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் கொஞ்சமாவது ஒன்றாக வரும்.

ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் டீச்சர் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, கோடையில் என்ன செய்தாய் என்று கேட்பார். மற்ற பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படகுத்துறையிலிருந்து குதித்தேன், தாத்தாவோடு குடிசைக்குப் பெயின்ட் அடித்தேன், ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், அவ்வளவுதான். அந்தச் சின்ன விஷயங்கள்தான் எனக்கு அந்நியமாக இருந்தன, பாரிஸ் போனேன் என்று சொன்ன பையன் இல்லை.

மணல்வீடு அக்கா, ஊர் முழுசாகக் காலியாகாது. கோடை வீடு இல்லாத குடும்பங்கள் எல்லாம் இங்கேயேதான் இருக்கும். சோமாலியா, சிரியா, போலந்து, நம் ஆட்கள். ஸ்டாக்ஹோமில் பார்க்லெக் என்று ஊழியர் இருக்கும் விளையாட்டுத் திடல்கள் உண்டு, சைக்கிள், பந்து, மணல் சாமான் எல்லாம் அங்கேயே கொடுப்பார்கள், காசு கிடையாது. பல இடங்களில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் குளமும் இருக்கும். ஆறு வயதுத் தம்பிக்கு அதுவே சொர்க்கம். ஜூலையில் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே திடலுக்குப் போனால் அங்கே வழக்கமாக வரும் பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடும், அப்புறம் அவன் உங்களைத் தேட மாட்டான். பார்க்தியாத்தெர்ன் என்று பூங்காக்களில் இலவச நாடகம், சர்க்கஸ், நடனம் போடுவார்கள், 1942-இலிருந்து நடக்கிறது. மொழி புரியாவிட்டாலும் பாதி நிகழ்ச்சிக்குப் பரவாயில்லை.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் நாட்களில் ஃப்ரிதீட்ஸ் என்ற பள்ளிப் பிள்ளைகள் காப்பகம் உண்டு, கோடையிலும் நடக்கும். பலருக்கு இது தெரியாமல் லீவையெல்லாம் கரைக்கிறார்கள்.

நல்லூரான் (சோடர்டெல்யே)

நாங்கள் எண்பதுகளின் கடைசியில் வந்த ஆட்கள். அப்போது எங்களுக்குக் கோடை வீடு எங்கே, கார்கூட இல்லை. காடுதான் இருந்தது, அதுவும் பஸ் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கண்ணுக்கு முன்னாலேயே.

தங்கச்சி, அலெமான்ஸ்ரெட்டன் என்று ஒன்று இங்கே உண்டு. அடுத்தவர் காட்டுக்குள்ளும் நீங்கள் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம். 1994-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். வீட்டு முற்றத்துக்குள்ளும் விதைத்த வயலுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது, பச்சை மரத்தின் கிளையை ஒடிக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது. இயற்கைக் காப்பிடங்களுக்குத் தனி விதி, வாசலில் பலகை இருக்கும். வறண்ட நாட்களில் நெருப்புத் தடை வரும், அப்போது அடுப்பு மூட்டாதீர்கள். 2018-இல் காடு எப்படி எரிந்தது என்பதைப் பார்த்தவர்கள் யாரும் அதில் விளையாட மாட்டார்கள். பாறை மேலும் தீ வேண்டாம், வெடித்துப் பிளந்துவிடும்.

இனிப் பழக் கணக்கு. ஜூன் கடைசியில் காட்டு ஸ்ட்ராபெரி, விரல் நுனி அளவுதான் இருக்கும், பாதையோரத்து வெயில் மேட்டில் தேடுங்கள். இங்கத்தைப் பிள்ளைகள் அதை நீளமான புல் தண்டில் மல்லிகைச் சரம் போலக் கோர்த்துக்கொண்டு திரிவார்கள், வீட்டுக்கு வந்து சேராது, வழியிலேயே முடிந்துவிடும். ஜூலை நடுவுக்குப் பிறகு அவுரிநெல்லி (புளூபெரி). கடையில் வாங்குவது உள்ளே வெளுத்திருக்கும், காட்டுப் பழம் உள்ளும் புறமும் நீலம், நாக்கும் பல்லும் சட்டையும் நீலமாகும். பழைய உடுப்பைப் போட்டு விடுங்கள். சீப்பு மாதிரிப் பல் வைத்த ஒரு கைப்பெட்டி விற்கிறது, அதால் வாரினால் வாளி கெதியாக நிரம்பும். ஆகஸ்ட் கடைசியில் லிங்கோன் என்ற சின்னச் சிவப்புப் பழம். அது புளிக்கும், துவர்க்கும், சும்மா தின்ன முடியாது. என் மனைவி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்த் தூளும் வெந்தயமும் போட்டு ஊறுகாய் செய்வார். சோற்றுக்கும் சரி, இடியப்பத்துக்கும் சரி. லிங்கோனிலேயே கெடாமல் காக்கும் பென்சோயிக் அமிலம் இயற்கையாக இருக்கிறதாம், அதனால்தான் இங்கத்தை ஆட்கள் சமைக்காமல் சீனியோடு பிசைந்தே போத்தலில் வைக்கிறார்கள்.

காளானை மட்டும் தெரிந்தவர் கூட இல்லாமல் தொட வேண்டாம். வெள்ளையாக வடிவாக நிற்கும் ஒன்று ஈரலைத் தின்றுவிடும்.

நீங்கள் சைவம், இது மற்றவர்களுக்கு: கடற்கரையிலும் மேலாரன், வேனர்ன் உள்ளிட்ட ஐந்து பெரிய ஏரிகளிலும் கைத்தூண்டில் போட அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஸ்டாக்ஹோம் நடுவில், அரண்மனைக்குப் பக்கத்திலேயே நின்று என் மகன் மீன் பிடித்திருக்கிறான். மற்ற ஏரிகளுக்குச் சீட்டு வாங்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை (லுண்ட்)

பாதிஸ்வீடன், லீவு பொருந்தாத விஷயம் நியாயம்தான். எங்கள் பிள்ளைகள் சின்னவர்கள், அவர்களின் கசின்ஸ் இன்னும் பள்ளி சேரவில்லை, அதனால் உறைக்கவில்லை. ஆனால் கணக்கை விட மாட்டேன். காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் செத்துப்போவதில்லை. இரவு பத்து மணி வரை வெயில் இருக்கும் நாட்டில் விளையாட நேரமா இல்லை?

பாதிஸ்வீடன் (உப்சாலா)

ஒரு மணி நேரம் ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டில் அது மூன்றாக நீண்டது, அதுதான் சண்டை.

தேன்சிட்டு (கோத்தன்பர்க்)

மிட்சொம்மர் என்ற நடுக்கோடைத் திருவிழாவைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை. பூவும் இலையும் சுற்றிய கம்பத்தை நட்டு, அதைச் சுற்றித் தவளை மாதிரிக் குதித்து ஆடுவார்கள், பாட்டனிலிருந்து கைக்குழந்தை வரை. யாரும் அழைப்பிதழ் தர மாட்டார்கள், தேவையும் இல்லை. பெரும்பாலான ஊர்களில் பொதுப் பூங்காவிலேயே நடக்கும். ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போகலாம், நுழைவுச்சீட்டு உண்டு, கூட்டமும் உண்டு. காலையிலேயே பூப்பறித்துத் தலைக்கு வளையம் கட்டிக்கொள்ளுங்கள், இதில் நம் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது. ஹெர்ரிங் மீன்தான் பிரதானச் சாப்பாடு, ஆனால் அவரவர் கூடையை அவரவர் கொண்டு போவதுதான் வழக்கம். நாங்கள் லெமன் ரைஸும் புது உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப் போவோம். கடைசியில் ஸ்ட்ராபெரியும் கிரீமும், அதில் யாருக்கும் பேதமில்லை. அன்று கடைகள் சீக்கிரம் மூடும், பஸ்ஸும் குறைவு, முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் குப்! மரத்துண்டுகளைக் குச்சியால் எறிந்து சாய்க்கும் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு ஐந்து கட்டை, நடுவில் ராஜா, ஆறு குச்சி. எதிரணிக் கட்டைகளை எல்லாம் சாய்த்த பிறகுதான் ராஜாவைத் தொடலாம், முன்னாலேயே ராஜா விழுந்தால் எறிந்தவர் அணி தோற்றது. என் மாமனார் கோலி, கிட்டிப்புள் ஆடின கை, வந்த அன்றே எல்லோரையும் தோற்கடித்துவிட்டார். மொழியே வேண்டாம் இந்த ஆட்டத்துக்கு, பக்கத்து விரிப்புக்காரர்கள் தானாகவே வந்து சேர்ந்துகொள்வார்கள்.

எங்கள் பக்கம் வருபவர்களுக்கு: டிராமில் சால்ட்ஹோல்மன் வரை போய், அதே சீட்டில் படகு ஏறித் தென்தீவுகளுக்குப் போகலாம். ஸ்டிர்சோ, வ்ரோங்ஙோ, ப்ரென்னோ எதிலும் கார் கிடையாது, பிள்ளைகளை அவிழ்த்து விடலாம். படகுத்துறையில் ஸ்வீடிஷ் பிள்ளைகள் துணி மாட்டும் கிளிப்பில் சிப்பிச் சதையை வைத்து, நூலில் இறக்கி நண்டு பிடிப்பார்கள். வாளியில் சேர்த்து, கடைசியில் வரிசையாக வைத்து ஓட்டப்பந்தயம் விட்டு, கடலுக்கே திருப்பி விட்டுவிடுவார்கள். என் பையன் ஒரு பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்த ஒரே இடம் அதுதான்.

மணல்வீடு (ஸ்டாக்ஹோம்)

எல்லோருக்கும் நன்றி! நீச்சலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பேர் கொடுத்துவிட்டேன், கணவருக்கும் சேர்த்து. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

காட்டுக்குப் போகும் முன் ஒரு பயம். உண்ணி கடித்து மூளைக் காய்ச்சல் வரும் என்கிறார்களே? இன்னொன்று, மகன் இரவு தூங்க மறுக்கிறான். 'இன்னும் மத்தியானம்தான்' என்கிறான், அவன் மேலும் தப்பில்லை. மாமியாரை எங்கே கூட்டிப் போவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

வடதிசை (ஸ்டாக்ஹோம்)

உண்ணி நிஜம்தான், ஸ்டாக்ஹோம் தீவுப் பக்கம் அதிகம். மூளையைத் தாக்கும் டிபிஇ நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் இரண்டு ஊசிக்கு நடுவே ஒன்று முதல் மூன்று மாதம் இடைவெளி வேண்டும், அதனால் வசந்தத்திலேயே தொடங்குவது நல்லது. இப்போது தொடங்கினாலும் வீண் இல்லை, மருத்துவ மையத்தில் கேளுங்கள். பொரேலியா என்ற இன்னொன்றுக்கு இங்கே போடும் தடுப்பூசி இல்லை, ஆனால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் காட்டிவிடுங்கள். நீளமான பேன்ட், சாக்ஸுக்குள் செருகியது. வீடு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முட்டிக்குப் பின் மடிப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். மருந்துக் கடையில் உண்ணி பிடுங்கி விற்கிறது, எண்ணெய் கிண்ணெய் தடவ வேண்டாம், தோலை ஒட்டிப் பிடித்து இழுத்தால் போதும்.

தூக்கத்துக்கு வெளிச்சம் புகாத கருந்திரை. ஜூன் கடைசியில் சூரியன் இரவு பத்து வாக்கில் மறைந்து அதிகாலை மூன்றரைக்கே வந்துவிடும், சாதாரணத் திரை தாங்காது. லீவில் கொஞ்சம் தாமதமாகத் தூங்கினால்தான் என்ன? ஊரில் மொட்டை மாடியில் நாம் எட்டு மணிக்கா தூங்கினோம்?

தேன்சிட்டு (கோத்தன்பர்க்)

மாமியாருக்கு முதலில் ஒரு தோட்டப் பெட்டி கொடுங்கள். மரச் சட்டம் வைத்து மண் நிரப்பி வளர்ப்பது, பல குடியிருப்புச் சங்கங்கள் முற்றத்தில் இடம் தரும். குனிய வேண்டாம் என்றால் இரண்டு மூன்று சட்டத்தை அடுக்கி உயரமாக்குங்கள். வெந்தயக் கீரை அபாரமாக வரும். கொத்தமல்லி நீளப் பகலில் சட்டென்று பூத்துவிடும், பூக்கும் முன் அறுத்து மறுபடி விதைக்க வேண்டும். ஜூலையில் விதைத்தாலும் இவை போதும். ருபார்ப் தண்டு கிடைத்தால் அவர் கையில் கொடுங்கள், புளிக்குப் பதில் பருப்பில் போட்டால் புளிச்சக்கீரைக் கடையல் மாதிரி இருக்கும். இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்குப் படகுதான் நல்லது. ஸ்டாக்ஹோமில் ஸ்லுஸ்ஸனிலிருந்து யுர்கோர்டன் தீவுக்குப் போகும் படகு சாதாரண பஸ் சீட்டிலேயே போகும். உட்கார்ந்துகொண்டே ஊரைப் பார்த்துவிடலாம்.

நல்லூரான் (சோடர்டெல்யே)

மாமியார் இருக்கும்போது ஆடிப் பதினெட்டு வருமே. ஏரிக்கரைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போங்கள். கோவை ஆட்கள் அதை விட மாட்டீர்கள். விளக்கு, பூ எதையும் தண்ணீரில் விட்டுவிட்டு வராதீர்கள், அதை மட்டும் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மணல்வீடு (ஸ்டாக்ஹோம்)

ஆகஸ்ட் நிலவரம். நீச்சலில் மகளுக்கு இடம் கிடைத்தது, 200 மீட்டர் இன்னும் ஆகவில்லை, மல்லாந்து நீந்துவது வந்துவிட்டது. கணவர் பெரியவர்கள் வகுப்பில் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கிறார், அது வரைக்கும்தான். மகனுக்குப் பார்க்லெக்கில் எரித்ரியாக்காரப் பையன் ஒருவன் சிநேகிதம். இருவரும் பேசுவது ஸ்வீடிஷ்தான், எங்களுக்குப் புரியாத வேகத்தில். காலை ஒரு மணி நேரக் கணக்கு முதல் வாரத்தோடு நின்றுவிட்டது, கணக்குப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. தமிழ் மட்டும் மாமியார் பொறுப்பு, தினமும் ஒரு பக்கம் எழுத வைக்கிறார். மேலாரன் கரையில் சித்திரான்னம் ஆயிற்று. பக்கத்தில் இருந்த ஸ்வீடிஷ் பாட்டி தேங்காய்ச் சாதம் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்.

ஒரு சந்தேகம். குப்பில் சாய்ந்த கட்டையை அவர்கள் பாதிக்குள் திருப்பி எறியும்போது அது ராஜா மேல் பட்டு ராஜா விழுந்தால் யார் தோற்றது? எங்கள் வீட்டில் இது பெரிய சண்டை.

தேன்சிட்டு (கோத்தன்பர்க்)

நாங்கள் ராஜாவை எழுப்பி வைத்துவிட்டுத் தொடர்வோம். என் மாமனார் மட்டும், அதுவும் எறிந்தவர் தோல்விதான் என்பார். அவர் ஜெயிக்கிற பக்கம் இருந்தால்.

கணக்குப்பிள்ளை (லுண்ட்)

பெட்டியோடு வந்த விதித்தாளைப் பாருங்கள். இல்லையென்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். முதல் வாரத்திலேயே கணக்கை நிறுத்தியதற்கு அடுத்த கோடையில் வந்து கேட்பேன்.